‘ஸ்’ கேட்கவில்லை: கேத்தி வீட்டில் வீடியோ அழைப்பைச் சரிசெய்த அனுபவம்

உள்காதில் வைக்கும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்ட குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் பயிற்சி கொடுப்பது என் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு கோவையிலிருந்து நீலகிரி மலையில் கேத்திப் பக்கம் வந்துவிட்டேன். அதனால் பாதிக் குழந்தைகளுக்கு வீடியோ அழைப்பில்தான் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பையும் ஆறு ஒலிகளோடு தொடங்குவேன்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டேனியல் லிங் வகுத்த சோதனை இது. ‘ம்’ மிகத் தாழ்ந்த ஒலி. ‘ஸ்’ 4000 ஹெர்ட்ஸுக்கும் மேலே நிற்கும். பேச்சுக்கு வேண்டிய வீச்சை இந்த ஆறும் தொட்டுவிடும். அம்மா வாயை மறைத்துக்கொண்டு ஒலியைச் சொல்வார், குழந்தை திருப்பிச் சொல்லும். ஒன்று விட்டுப்போனாலும் பேட்டரியா, கருவியா, கருவியைக் குழந்தைக்கு ஏற்ப அமைக்கும் மேப்பிங்கா என்று உடனே தேட வேண்டும்.

ஜூன் மாதம், தாராபுரத்தில் இருக்கும் நான்கு வயதுக் குழந்தையிடமிருந்து மூன்று மாலை தொடர்ந்து ‘ஸ்’ வரவில்லை. ஐந்து ஒலிகளைத் திருப்பிச் சொல்கிறாள். ஆறாவதுக்கு உதடு விரிகிறது, பல் தெரிகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடையிடையே படம் உறைந்து, குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது. கருவியைக் கோவையில் காட்டச் சொல்லலாம் என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். அவள் அம்மாதான், "மேடம், அவ நல்லாத்தான் சொல்றா. பக்கத்துல இருக்கிற எனக்குக் கேக்குதே" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வீட்டு இணையத்தின் கோளாறுக்காக ஒரு குழந்தையை பஸ் ஏற்றிக் கோவைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். இதைச் சரிசெய்யாமல் அடுத்த வாரம் வகுப்பு எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கல் கட்டடம். சுவர் ஒன்றரை அடி கனம், மேலே தகரக் கூரை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் இரண்டு படிக்கட்டு நிலம் இறங்கினால், முன்பு உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிவைத்த ஓர் அறை. சத்தமே வராது என்பதால் அதைத்தான் வகுப்பறை ஆக்கிக்கொண்டேன். ரூட்டர் மேல் வீட்டின் முன் ஹாலில். இரண்டுக்கும் நடுவே மூன்று கல் சுவர்கள், அப்புறம் முப்பத்தைந்து மீட்டர் திறந்தவெளி.

அதற்கு முன்பே இரண்டு வைத்தியம் பார்த்திருந்தேன். 30 எம்பிபிஎஸ் திட்டத்தை 50 ஆக்கினேன், மாற்றம் இல்லை. பின்கட்டில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் செருகினேன், முன்பைவிட மோசமானது. வாங்குவதையும் திருப்பி அனுப்புவதையும் அது ஒரே அலைவரிசையில் செய்கிறது. ஏற்கனவே பலவீனமான சிக்னலைப் பாதி வேகத்தில் பங்குபோட்டுக் கொடுத்தது.

ஊரில் எல்லாரும் சொன்ன காரணம் மூடுபனி. "மேகம் எறங்கினா நெட் படுத்துரும்" என்பது இங்கே பால்காரர் வரை தெரிந்த செய்தி. நானும் நம்பியிருந்தேன். என் மாமனார் நம்பவில்லை. மாமா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "முதல்ல அளந்து பாரும்மா. அளக்காம எதையும் கழட்டாதே" என்றார்.

ஒன்பது நாள் ஒரு நோட்டில் எழுதினோம். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வேளை: பனி இருந்ததா, மழையா, கரன்ட் இருந்ததா, பிங் எவ்வளவு. பிங் என்பது சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, அது போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று பார்ப்பது. எந்தக் கணினியிலும் இருக்கிறது, காசு இல்லை. முக்கியமானது, அதை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் 192.168.1.1, அதாவது என் வீட்டு ரூட்டர் வரை மட்டும். பிறகு 8.8.8.8 போல வெளியே இருக்கும் ஒரு முகவரி வரை. முதலாவது ஆடினால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது நிதானமாக இருந்து இரண்டாவது ஆடினால் வெளியே போகும் இணைப்பில்.

கீழ் அறையிலிருந்து வைஃபையில் ரூட்டருக்கு அனுப்பிய பிங்கே 3 மில்லி செகண்ட் முதல் 400 வரை குதித்தது. நூறில் ஏழெட்டு திரும்பவே இல்லை. அதாவது வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே என் பேச்சில் ஓட்டை விழுகிறது. நோட்டில் பனி விழுந்த காலைகளைப் பார்த்தால், வெளிச்சமான காலைகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு படித்துப் புரிந்துகொண்டேன்: மூடுபனியின் துளி மைக்ரான் கணக்கில் சிறியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். முப்பது நாற்பது மீட்டர் பனி அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. தடுப்பது கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரம் சுவரில் செத்துவிடும்.

ஆனால் நோட்டில் இன்னொன்று தெரிந்தது. ரூட்டர் பக்கத்திலேயே கேபிள் செருகி அளந்தாலும், மாலை நாலே காலுக்கு மேல் வெளி முகவரிக்கான பிங் 22-லிருந்து 300, சில சமயம் 600-க்கு ஏறியது. தினமும் அதே நேரம். ஏன் நாலே கால்?

மாமா தினமும் மூன்று மணிக்குக் கேமரா போனோடு நடக்கப் போவார். நீலகிரி சிரிப்பான் என்ற பறவை என்றால் அவருக்கு உயிர். அந்தச் செந்நிற வயிற்றையும் வெள்ளைப் புருவத்தையும் எடுத்த படங்களும் வீடியோக்களும் ஒரு நாளைக்கு நூறாவது இருக்கும். நாலே காலுக்கு வந்து போனை சார்ஜில் போடுவார். வைஃபை கிடைத்ததும் எல்லாப் படமும் தானாகவே இணையத்துக்கு ஏறத் தொடங்கும். என் வகுப்பு நாலரைக்கு. பனியும் பல நாள் அந்த நேரத்தில்தான் இறங்கும் என்பதால் பழி அதன் மேல் விழுந்திருக்கிறது. விஷயம் தெரிந்ததும் மாமாவின் முகம் வாடிவிட்டது. "இனிமே ராத்திரி போட்டுக்கறேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு வீட்டில் ஒருவர் பேச இன்னொருவர் போனை அணைத்து வைக்க வேண்டும் என்றால் அது சரிசெய்த மாதிரி ஆகாது.

ஆக, வேலை இரண்டு. கீழ் அறைக்குக் கம்பிவழி இணைப்பு. வெளியே போகும் வரிசையை ஒழுங்கு செய்வது.

வெட்டவெளியில் முப்பத்தைந்து மீட்டருக்கும் கேட் 6 என்ற செம்புக் கம்பிக் கேபிளே போடலாம். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். மாமா கூடாது என்றார். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே விழும் இடி சும்மா இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி ஓடினால், பக்கத்து மரத்தில் இடி இறங்கினாலே அதில் மின்னழுத்தம் ஏறி இரண்டு முனையிலும் கருவிகள் போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. எனவே வீட்டுக்குள் கேட் 6, வெளியில் கண்ணாடி இழையான ஃபைபர், அதன் இரண்டு முனையிலும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் என்று முடிவானது. ஃபைபரிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வீடுகளுக்கு இழுக்கும் தட்டையான கறுப்புக் கேபிள்கள் பலவற்றில் பலத்துக்காக இரண்டு பக்கமும் மெல்லிய எஃகுக் கம்பி இருக்கும். அதைப் போட்டால் இடிக்குப் பயந்து ஃபைபருக்கு வந்ததற்கே அர்த்தம் இல்லை. எஃகுக்குப் பதில் எஃப்ஆர்பி, அதாவது இழை கலந்த பிளாஸ்டிக் கம்பி வைத்தது என்று கேட்டு வாங்க வேண்டும். இரு முனையிலும் ஜாக் பொருத்தியே 50 மீட்டர் கிடைத்தது. இழைகளை ஒட்டும் இயந்திரம் தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் இழுப்பதுதான் பெரிய பாடு என்று நினைத்தேன். கல் சுவரை ஹேமர் டிரில்லால் துளைத்தால் நடுவில் இருக்கும் சுண்ணாம்புக் கலவை உதிர்ந்து கல் ஆடும். மாமா ஏணி போட்டுக் கூரைக்கடியில் ஏறி, பழைய வயரிங் போன மரப்பட்டிகளைக் காட்டினார். சுவரின் தலைக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக 22 மீட்டர் கேபிளை ஒரே மதியத்தில் கொண்டுபோய்விட்டோம், ஒரு ஓட்டை கூடப் போடவில்லை. கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை பாதிதான், ஆனால் முனையில் ஜாக்கை வைத்து அழுத்தும்போதே, அதாவது கிரிம்ப் செய்யும்போதே முறியும். முழுச் செம்பே வாங்குங்கள்.

கிரிம்பிங்கில் ஒரு முழு நாள் போனது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கேட் 6 உறையை இரண்டு அங்குலம் உரித்தால் நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றும் முறுக்கிய நிலையில்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, ஒவ்வொன்றோடும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளை. முறுக்கைப் பிரித்து எட்டையும் வரிசையாகத் தட்டையாக்கி, நுனியைச் சமமாக வெட்டி ஆர்ஜே 45 ஜாக்குக்குள் தள்ள வேண்டும். நான் முதலில் ஜோடி ஜோடியாக அடுக்கினேன்: ஆரஞ்சு இரண்டும், பச்சை இரண்டும், நீலம் இரண்டும், பழுப்பு இரண்டும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி செய்தால் போதுமே என்று. டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்கு வரிசை தவறாமல் எரிந்தது. செருகினால் இணைப்பு வந்தது, போனது, வந்தது; பிங் நூறில் பதினைந்து தொலைந்தது.

காரணம் இதுதான். ஜாக்கில் 1, 2 ஒரு ஜோடி; 3, 6 ஒரு ஜோடி; 4, 5 ஒரு ஜோடி; 7, 8 ஒரு ஜோடி. மூன்றும் ஆறும் ஒன்றாக முறுக்கிய கம்பிகளாக இருந்தால்தான் ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றொன்று ரத்து செய்யும். நான் அடுக்கியதில் மூன்றாவது பச்சை ஜோடியிலிருந்தும் ஆறாவது நீல ஜோடியிலிருந்தும் வந்தன. மின்சாரம் சரியாகத்தான் போகிறது, அதனால் டெஸ்டருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு ஜோடிகளின் பேச்சும் ஒன்றில் ஒன்று கலந்துவிடுகிறது. சரியான வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நீல ஜோடி நடுவில் உட்கார, பச்சை ஜோடி இருபுறமும் பிரிந்து நிற்கும். குளிரில் விரல் மரத்து, அந்தப் பச்சைக் கம்பி நீலத்தைத் தாண்டிப் போக மறுத்தது. அடுப்பில் கையைக் காய்ச்சிக்கொண்டு வந்து மறுபடி செய்தேன். இப்போது ஆயிரம் பிங்கில் ஒன்றுகூடத் தொலையவில்லை, எல்லாம் 1 மில்லி செகண்டுக்குள்.

ஃபைபரைப் படிக்கட்டு நிலத்தின் கல் தடுப்பை ஒட்டி, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கறுப்புக் குழாய்க்குள் விட்டுக் கற்களுக்கு அடியில் பதித்தோம். மண்ணில் வெறுமனே புதைத்தால் காட்டுப்பன்றி கிளறிவிடும். வளைவு எங்கும் உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம், கூர்மையாக மடங்கினால் ஒளி வெளியே கசியும். அறைக்குள் நுழையுமிடத்தில் குழாயைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு ஏற்றினோம், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

எல்லாம் செருகினால் விளக்கு எரியவில்லை. ஒரே இழையில் இரு திசையும் போகும் கன்வெர்ட்டர்களில் ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-ல் வாங்கும், எதிர் முனையில் இருப்பது அதற்கு நேர்மாறு. பெட்டியில் ஏ, பி என்று போட்டிருக்கும். எனக்கு வந்த இரண்டும் ஏ. இரண்டு பேரும் ஒரே மொழியில் பேச, கேட்க ஆளில்லை. கடையில் மாற்றிப் பார்சலில் வர நான்கு நாள். வாங்கியவுடனேயே பெட்டியைப் பாருங்கள். ஜாக்கின் நிறமும் கவனம்: என் கன்வெர்ட்டரில் நீலம், வெளி இணைப்பு வரும் பெட்டியில் பச்சை. பச்சையின் முனை சாய்வாகத் தீட்டியது, இரண்டையும் கலக்கக் கூடாது. இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, தீங்கு மட்டும் செய்யும்.

இனி மாமாவின் படங்கள். சாலையில் ஒரு சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது காய்கறி லாரி வரிசையில் நிற்கிறது, பின்னால் ஒரு ஆம்புலன்ஸ். சாவடியின் வேகத்தில் குறை இல்லை. ஆம்புலன்ஸுக்கு முன்னால் நிற்கும் வரிசைதான் குறை. படம் ஏறும்போது, வெளி இணைப்பு வந்து சேரும் மோடத்துக்குள் இப்படி ஒரு வரிசை சேர்ந்துவிடுகிறது, என் குரல் அதன் வாலில் நிற்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு பஃபர்ப்ளோட் என்று பெயரிட்டார். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வேன் ஜேகப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். எத்தனை தகவல் வரிசையில் இருக்கிறது என்று எண்ணாமல், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்த்து வரிசையைக் குறைப்பது அது. அதன் வழியில் வந்த கேக் என்ற வகை, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து மாறி மாறி விடும்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்ற முடிந்த ஒரு பழைய ரூட்டரை வாங்கி, அதில் கேக்கை இயக்கும் எஸ்க்யூஎம் என்ற பகுதியைப் போட்டேன். அளந்த வேகம் 48 எம்பிபிஎஸ் இறக்கம், 10 ஏற்றம். அதில் 43, 8.5 என்று குறைத்துக் கொடுத்தேன். வேகத்தைக் குறைப்பதா என்று மனசு கேட்கவில்லைதான். ஆனால் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரூட்டரில் சேர்ந்தால்தான் அதை நாம் ஒழுங்குபடுத்த முடியும். அதற்கு நம் ரூட்டர்தான் வழியில் மிக மெதுவான இடமாக இருக்க வேண்டும். தெளிவான வீடியோ அழைப்புக்கே ஒன்றரை எம்பிபிஎஸ் போலத்தான் வேண்டும், குரலுக்கு அதில் சிறு துளி. மாமாவை அழைத்து, எல்லாப் படத்தையும் ஒன்றாக ஏற்றச் சொன்னேன். பிங் 26, 29, 31. இருவரும் பத்து நிமிஷம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கரன்ட் போகும் கதை சின்னது. ஆடிக் காற்றில் மரம் சாயாத வாரம் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கணத்தில் ரூட்டர் அணைந்து, திரும்ப எழ மூன்று நிமிஷம். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று மேலே, ஒன்று கீழே வைத்தோம். மேலே உள்ளது இரண்டே முக்கால் மணி நேரம் தாங்குகிறது. வாங்கும் முன் உங்கள் பெட்டிகளின் வோல்ட்டைப் பாருங்கள். என் கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட், அதற்குத் தனி வெளியீடு தேவைப்பட்டது.

நடுவில் இரண்டு நாள் வெளி இணைப்பே திணறியது. மோடத்தின் அமைப்புப் பக்கம், உள்ளே வரும் ஒளியின் பலம் மைனஸ் 27.5 டிபிஎம் (ஒளியின் பலத்துக்கான அலகு) என்று காட்டியது. மைனஸ் 27-க்குக் கீழே போனால் இந்த வகைக் கருவி நம்பிக்கையாக வேலை செய்யாது. "நெட் ஸ்லோ" என்று புகார் சொன்னபோது யாரும் வரவில்லை. இந்த எண்ணைச் சொன்னதும் மறுநாள் காலை லைன்மேன் அண்ணா வந்தார். வளைவில் சில்வர் ஓக் கிளையில் கேபிள் இறுகி மடங்கியிருந்தது. மாற்றிக் கட்டியதும் மைனஸ் 21.

மொத்தச் செலவு 11,000 ரூபாயைத் தொட்டது, யுபிஎஸ் இரண்டும் சேர்த்து. ஜூலை கடைசி வாரம் கீழ் அறையில் மடிக்கணினிக்கு நேரே கேபிள் செருகி, தாராபுரத்துக் குழந்தையை அழைத்தேன். படம் உறையவில்லை. ம், ஊ, ஆ, ஈ, ஷ். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

ஆறாவது கேட்கவில்லை.

நெஞ்சு திக்கென்றது. அம்மாவையே என்னைப் பார்த்து நீளமாக ‘ஸ்’ சொல்லச் சொன்னேன். அவர் தொடங்கும்போது ஒரு நொடி கேட்டது, பிறகு கரைந்துபோனது. அதில்தான் விஷயம் பிடிபட்டது. அழைப்புச் செயலி பின்னணி இரைச்சலை நீக்குகிறது. மின்விசிறி, காற்று மாதிரி சீராக நீளும் ஒலி எதுவும் அதற்கு இரைச்சல். நீட்டிச் சொல்லும் ‘ஸ்’ அதன் காதுக்கு அப்படித்தான் படும். நீக்குவதும் பேசுபவரின் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. என் வீட்டில் என்ன கேபிள் போட்டாலும் அது என்னிடம் வந்து சேராது.

சாதாரண போனில் அழைத்து, அவர் டேப்லெட்டில் ஆடியோ அமைப்புகளுக்குள் போகச் சொன்னேன். இசை வகுப்புக்காக ஒலியை மாற்றாமல் அனுப்பும் தேர்வு ஒன்று அதில் இருந்தது. என் பக்கமும் அதையே போட்டு, எதிரொலி வராமல் இருக்க நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.

அம்மா வாயை மறைத்தார். குழந்தை தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஸ்ஸ்ஸ்." மெல்லிய, கொஞ்சம் காற்றுக் கலந்த ‘ஸ்’. குறிப்பேட்டில் கோவைக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்த வரியை அடித்தேன்.

வகுப்பு பாதியில் இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மாமாவின் சிரிப்பான்கள் கூட்டமாகக் கத்தத் தொடங்கின. முன்பெல்லாம் அந்தச் சத்தத்தைச் செயலி அழித்துவிடும். குழந்தை சட்டென்று நிமிர்ந்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, "அது என்ன?" என்றாள்.